ரேகை, ராசி, பதிவேடு: கடமலைக்குண்டிலிருந்து ஜோதிடத்தை வாசித்தல்

1911-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் குற்றப் பரம்பரையினர் சட்டம். மதுரைக்கு மேற்கே சனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். உடம்பில் எந்த இடத்தைச் சட்டம் வந்து தொட்டதோ அந்த இடத்தையே பெயராக்கிவிட்டார்கள். விரல்களை மையில் உருட்டித் தாளில் பதித்து, ‘இன்ன சாதியில் பிறந்தான், ஆகவே கண்காணிக்கப்பட வேண்டியவன்’ என்று ஸ்டேஷனில் கோப்பு திறந்த சட்டம் அது. ரேகை என்ற இதே சொல்லை வைத்துப் பிழைக்கிற இன்னொருவர் இருக்கிறார். திருவிழாக் கூட்டத்தில் துண்டை விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் கைரேகை ஜோசியர். ஆயுள் ரேகை, புத்தி ரேகை, விதி ரேகை. ஒருவர் உள்ளங்கையைப் பார்க்கிறார், மற்றவர் விரல் நுனியைப் பார்க்கிறார். பிறந்தபோதே உன்மேல் என்னவோ எழுதியாயிற்று, அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் என்கிறார்கள் இருவரும்.

இது வெறும் சொல் விளையாட்டா, அதற்கு அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடமலைக்குண்டில் இருந்துகொண்டு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மூல வைகை மலையை விட்டு இறங்கி வரும் பள்ளத்தாக்கு இது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பஞ்சத்திலும் பகையிலும் நிலம் தேடியும் வந்து குடியேறியவர்களின் ஊர்கள். பிறமலைக் கள்ளர்கள் அவர்களில் கணிசம். மேலே மலையில் பளியர்கள். இங்கே ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ‘எப்போ பிறந்தீங்க’ என்று கேட்டால் தேதி வராது. ஒரு பஞ்சம் வரும், ஆற்றில் வந்த ஒரு வெள்ளம் வரும், ‘மூத்தவன் பொறந்து ஒரு வெள்ளாமை கழிச்சு’ என்று வரும். தேதி வேண்டுமானால் பள்ளிக்கூட ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் மே, ஜூன் மாதங்களாக இருப்பது வாத்தியாரின் கைங்கரியம். பள்ளிக்கூடம் திறக்கிற நாளிலிருந்து ஐந்து வருசம் பின்னால் போய் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஆக, அந்த ஜனங்களில் பெரும்பாலோர் சட்டப்படி ரிஷப ராசியிலோ மிதுன ராசியிலோ சூரியன் இருக்கும்போது பிறந்தவர்கள்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஜோதிடம் என்ற அமைப்பின் முதல் நிபந்தனையே பிறந்த நேரம்தான். அது இல்லாத மனிதர் அதற்குள் எப்படி நுழைகிறார்?

இந்த முறைக்கு ‘வேத ஜோதிடம்’ என்று இப்போது புழங்கும் பெயரை முதலில் கழற்றி வைப்போம். வேதாங்கங்கள் ஆறில் ஜோதிஷமும் ஒன்று என்பது உண்மை. லகதர் பேரில் வழங்கும் வேதாங்க ஜோதிஷம் என்ற சின்ன நூலில் இருப்பது என்ன? ஐந்து வருசம் ஒரு யுகம், அதில் 1830 நாள், 62 சந்திர மாதம். 27 நட்சத்திரங்களில் சந்திரனும் சூரியனும் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு யாகத்துக்கு நாள் குறிப்பது. மேஷம், ரிஷபம் என்று 12 ராசி கிடையாது. லக்னம் கிடையாது. தனி மனிதனின் பிறப்பிலிருந்து அவன் கல்யாணத்தையும் சாவையும் சொல்லும் ஜாதகம் கிடையாது. போதாக்குறைக்கு, நட்சத்திரம் பார்த்துப் பிழைப்பவனைச் சிராத்தப் பந்தியில் சேர்க்கக் கூடாதவர்கள் பட்டியலில் மனு தர்ம சாத்திரம் வைத்திருக்கிறது.

ஜாதகம் வந்த வழி வேறு. நம் ஜோசியர் வாயில் சர்வ சாதாரணமாக வரும் சொற்களைக் கேளுங்கள். ஓரை – கிரேக்கத்தில் ‘ஹோரா’. கேந்திரம் – ‘கென்ட்ரோன்’. திரிகோணம் – ‘டிரிகோனோன்’. திரேக்காணம் – ‘தெக்கானோஸ்’. பணபரம் – ‘எபனபோரா’. ஆபோக்லிமம் – ‘அபோக்லிமா’. சுனபா யோகம், அனபா யோகம், கேமத்துரும யோகம் எல்லாம் கிரேக்கச் சொற்களின் சமஸ்கிருத உச்சரிப்புகள். கிரேக்க மூலத்திலிருந்து வந்ததாகத் தன்னையே சொல்லிக்கொள்ளும் ‘யவன ஜாதகம்’ என்ற நூலை டேவிட் பிங்ரீ 1978-இல் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். 3-ஆம் நூற்றாண்டு என்று அவர் கணித்த காலம் பற்றிப் பின்னால் கேள்விகள் எழுந்தன. மூலம் யவனர்கள் என்பதில் சண்டை இல்லை. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ஒன்றின் பெயரே ரோமகம். யவனர்கள் மிலேச்சர்கள்தான், ஆனாலும் இந்தச் சாத்திரம் அவர்களிடம் நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்கள் என்று அவரே எழுதுகிறார். அவருக்கு இருந்த அந்த நேர்மை ‘வேத’ முத்திரை குத்துகிறவர்களுக்கு இல்லை.

வாரத்தின் கிழமைகள் கூட இந்த யவன இயந்திரத்தில் உருவானவைதான். பூமியிலிருந்து பார்க்கையில் மெதுவாக நகர்வது முதல் வேகமாக நகர்வது வரை ஏழு கோள்களை வரிசையாக வையுங்கள். சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். ஒரு நாளின் 24 ஓரைகளையும் இதே வரிசையில் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். சனிக்கிழமை முதல் ஓரை சனிக்கு என்றால் 22-ஆவது மறுபடி சனி, 23 குரு, 24 செவ்வாய். மறுநாள் முதல் ஓரை சூரியனுக்கு. அது ஞாயிற்றுக்கிழமை. இப்படியே போனால் திங்கள், செவ்வாய், புதன் என்று நாம் தினமும் சொல்லும் வரிசை தானாக விழும். அழகான ஒழுங்கு. வானத்தில் அப்படி ஒன்றும் இல்லை. 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3 வருகிறது, அவ்வளவுதான் விசயம். ஜோதிடத்தின் கவர்ச்சியே இதில்தான் என்று நினைக்கிறேன். எண்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும்போது, அவை உலகத்தோடும் பொருந்திவிட்டதாக மனசு எடுத்துக்கொள்கிறது.

மற்ற அடிப்படைகளும் இந்த மாதிரிதான். 360 பாகையை 12 ராசியாக வெட்டினால் ஒன்றுக்கு 30. அதையே 27 நட்சத்திரமாக வெட்டினால் 13 பாகை 20 கலை. நட்சத்திரம் ஒன்றுக்கு நாலு பாதம், மொத்தம் 108. ஒரு ராசிக்கு ஒன்பது பாதம். யவனர்களின் 12-ஐயும் இங்கிருந்த 27-ஐயும் ஒட்டவைத்த தையல் இந்த 108 பாதத்தில் தெரிகிறது. பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற நட்சத்திரம் ஜென்ம நட்சத்திரம், அது இருக்கும் ராசி ஜென்ம ராசி, அப்போது கீழ்வானத்தில் உதயமாகிக்கொண்டிருந்த ராசி லக்னம். லக்னம் ஏறக்குறைய 5 நாழிகைக்கு, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். பிறகு தசை: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. கூட்டினால் 120 வருசம். ஜென்ம நட்சத்திரத்தில் சந்திரன் எவ்வளவு தூரம் கடந்திருந்ததோ அந்த விகிதத்தில் முதல் தசையில் கழிந்தது போக மீதி. பஞ்சாங்கம் என்பதும் இதே வகைக் கணக்கு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைவெளி 12 பாகை ஆனால் ஒரு திதி, 6 பாகை ஆனால் ஒரு கரணம், இரண்டின் இருப்பிடங்களையும் கூட்டி 13 பாகை 20 கலையால் வகுத்தால் யோகம். இவற்றோடு வாரமும் நட்சத்திரமும் சேர்ந்தால் அங்கம் ஐந்து.

இதுவரை வடிவியல். இனி வருவது சமூகவியல்.

தாலமி 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எழுதியபோது சனி, குளிரும் வறட்சியும் தரும் கிரகம். அந்தச் சனி இங்கே வந்ததும் அதற்குச் சாதி வந்துவிட்டது. வராகமிகிரரின் ‘பிருகத் ஜாதக’த்தில் குருவும் சுக்கிரனும் பிராமணர், சூரியனும் செவ்வாயும் சத்திரியர், சந்திரன் வைசியன், புதன் சூத்திரன். சனி அந்தியஜர்களுக்கு, அதாவது கடைசியில் பிறந்தவர்களுக்கு. அதே நூலில் ஓர் அரசவையும் இருக்கிறது. சூரியனும் சந்திரனும் ராஜாக்கள், செவ்வாய் தளபதி, புதன் இளவரசன், குருவும் சுக்கிரனும் மந்திரிகள், சனி வேலைக்காரன். ராசிகளையும் விடவில்லை, மீனம் தொடங்கி நாலு வர்ணமாக மூன்று சுற்றுப் பங்கிட்டாயிற்று. 12-ஐ நாலால் வகுத்தால் மீதி வராது என்பதால் ராசிகளில் அந்தியஜருக்கு இடம் கிடைக்கவில்லை.

கிராமத்தின் வரைபடத்தை எடுத்து வானத்தில் ஒட்டிவிட்டு, பிறகு கிராமத்தைப் பார்த்து ‘வானத்தில் அப்படி இருக்கிறது, அதனால் பூமியிலும் இப்படி’ என்று சொல்லும் செயல்பாடு இது. கருத்தியல் என்ற சொல்லுக்குப் பாடப் புத்தகத்தில் இதைவிட நல்ல உதாரணம் இருக்காது. மெதுவாக நகர்வதால் அவன் மந்தன். மந்தன் என்பதால் முடவன், கருப்பன், வேலைக்காரன், தீண்டத்தகாதவன். ஏழரைச் சனி பிடித்தால் நடுங்குகிற நடுக்கத்தில் சாதி நடுக்கமும் கலந்திருக்கிறது. 29½ வருசத்தில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றும் ஒரு கோள், எந்த ராசிக்காரனையும் விடாமல் மூன்று ராசிகளில் ஏழரை வருசம் தொட்டுவிட்டுப் போகும். தீண்டத்தகாதவன் எல்லோரையும் தீண்டிவிடுகிறான். அந்தப் பீதிக்கு ஒரு பரிகாரத் தொழிலே நடக்கிறது.

சின்னமனூர்ப் பக்கம், சுரபி ஆற்றங்கரையில் குச்சனூர். சனிக்கென்று தனிக்கோயில். ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அள்ளும். காக்கை, எள் விளக்கு, கருப்புத் துணி – இது ஒரு பக்கம். அதே வளாகத்தில் சோனைக் கருப்பசாமி. அவருக்கு மதுப்பாட்டிலும் கிடாயும் கோழியும் படைக்கும் வழக்கம். சாஸ்திரச் சனியும் காவல் தெய்வக் கருப்பனும் ஒரே இடத்தில் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் யாரை உள்வாங்கினார்கள் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நம் விமர்சகர்களுக்கு ‘பிராமணமயமாக்கல்’ என்ற ஒரே சாவி கையில் இருக்கிறது, எல்லாப் பூட்டிலும் அதையே திருகிப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்து, இங்கே ஏழரைக்குப் பரிகாரம் செய்யப் போன ஆள் கருப்பனுக்கும் சரக்கு வைத்துவிட்டுத்தான் திரும்புகிறான். இரண்டு கணக்கும் அவன் பையில் உண்டு.

ஜோதிடத்தைப் பிராமணர் சொத்து என்று சுருக்குவதில் இன்னொரு சிக்கல், வள்ளுவர்கள். பறையர் சமூகத்தோடு சேர்ந்து, அவர்களுக்குப் புரோகிதர்களாகவும் ஜோதிடர்களாகவும் இருந்தவர்கள் என்று தர்ஸ்டன் 1909-இல் வெளியான தன் தொகுப்பில் எழுதியிருக்கிறார். பிற சாதிக்காரர்களும் அவர்களிடம் நாள் பார்க்கப் போனார்கள். அயோத்திதாசர் இதை அப்படியே திருப்பிப் போட்டார். வள்ளுவர், சாக்கையர், நிமித்தகர் என்பவர்கள் பௌத்த அரசுகளில் கணிதமும் காலமும் பார்த்த அறிஞர்கள், பிற்பாடு வீழ்த்தப்பட்டார்கள் என்பது ‘தமிழன்’ இதழில் அவர் கட்டிய வரலாறு. ஆவணச் சான்று தேடுகிறவர்கள் தேடட்டும். யாருடைய அறிவு எப்போது பறிக்கப்பட்டது என்று கேள்வியை அவர் மாற்றிக் கேட்டார், அதுதான் முக்கியம்.

இன்னும் பின்னால் போனால் ‘கணி’ என்ற சொல்லே வேறு மாதிரி இருக்கிறது. குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கை மரமும் கணிதான். அது பூத்தால் தினை முற்றிவிட்டது, கதிர் கொய்ய வேண்டும், காவலுக்கு நின்ற பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள், காதல் சந்திப்பு போச்சு. நாள் குறித்த மரத்தைப் பார்த்துத் தோழி திட்டுகிறாள். வருசநாட்டு மலையடிவாரத்தில் நின்று படித்தால் இந்தக் கணியை விளங்கிக்கொள்ளச் சிரமமே இல்லை. அகநானூற்றின் 86-ஆம், 136-ஆம் பாட்டுகளில் ரோகிணியைச் சந்திரன் சேர்ந்த நாளில் கல்யாணம் நடக்கிறது. புரோகிதர் இல்லை, பெண்கள்தான் நீர் ஊற்றுகிறார்கள். புறநானூறு 229-இல் கூடலூர் கிழார், நட்சத்திரம் ஒன்று விழுந்ததைப் பார்த்துச் சேர அரசன் சாவை அஞ்சுகிறார். ஏழாம் நாள் அவன் சாகிறான். (நம்ம கம்பத்துக் கூடலூர்தான் என்று சொந்தம் கொண்டாட ஆசையாகத்தான் இருக்கிறது. பெயர் ஒற்றுமை சான்று ஆகாது.) ஆக, நாள் பார்ப்பதும் நிமித்தம் பார்ப்பதும் இங்கே பழசு. ஆனால் அவை நடக்கப்போகும் காரியத்துக்கானவை. கல்யாணத்துக்கு, அறுப்புக்கு, போருக்கு. பிறந்தவுடன் ஒரு மனிதனை முழுசாக எழுதி மூடிவிடும் தாள் அங்கே இல்லை.

ஜோதிடத்தைக் கழித்துவிட்டாலும் மிச்சமாக ஓர் அறிவு நிற்கிறது. பகுத்தறிவுவாதிகள் குளித்த தண்ணீரோடு அதையும் சேர்த்து ஊற்றிவிட்டார்கள் என்பது என் குறை. வாக்கியப் பஞ்சாங்கத்தின் கணக்கு முறையைச் சொல்கிறேன். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கிட்டே வரும்போது வேகம், தூரத்தில் மந்தம். இந்த ஏற்றஇறக்கம் ஒரு சுற்று முடிய 27½ நாளுக்குச் சற்று அதிகமாக ஆகும். ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட மீதியில்லாமல் 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள், வரருசி பேரில் வழங்குபவை. ஒவ்வொரு வாக்கியமும் ஓர் எண். எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறையில், உதாரணத்துக்கு, ‘கமலம்’ என்றால் க 1, ம 5, ல 3. பின்னாலிருந்து படித்தால் 351. மனப்பாடம் செய்தவனுக்கு ஏடு வேண்டாம், எழுத்தாணி வேண்டாம்.

1760-களின் கடைசியில் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல், 1769 ஜூனில் மேகம் மறைத்து அந்தக் காட்சியைத் தவறவிட்டார் – பாவம், அதற்காக எட்டு வருசம் இந்தியப் பெருங்கடலில் சுற்றியவர். அங்கே இருந்தபோது தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்தது, ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூட்டியது. ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’த்தில், தரையில் சோழிகளைப் பரப்பி நினைவிலிருந்தே கிரகணம் கணித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதினார். கோட்பாடு அவருக்குத் தெரியாது, விடை மட்டும் வந்தது என்று வாரனுக்கு வியப்பு. 1952-இல் நாய்கெபவர் அந்தச் சோழிக் கணக்குக்குப் பின்னால் பாபிலோனிய முறையின் தடத்தைக் கண்டார்.

கோட்பாடு மறந்து கணக்கு மட்டும் மிஞ்சுவதன் விலையும் கவனிக்க வேண்டியதுதான். வாக்கியம் உறைந்துவிட்டது, வானம் உறையவில்லை. வசந்த சமநாள் மார்ச் 20, 21-இல் வந்துவிட, சித்திரை 1 ஏப்ரல் 14-இல் நிற்கிறது. சுமார் 72 வருசத்துக்கு ஒரு பாகை என்று சமநாள் பின்னோக்கி நகர்வதால் வந்த இடைவெளி, இப்போது 24 பாகையைத் தொட்டிருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்து, 1867-இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டுமென்று போராடினார். 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அதையே அகில இந்திய அளவில் சொன்னது. பலன்? இரண்டு பஞ்சாங்கம். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குப் போய்விட்டது. திருநள்ளாறு கோயிலோ, வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. ஒரு வருசம் ஒரே கிரகம் இரண்டு வீட்டில் குடியிருந்ததற்காக யாருடைய வாழ்க்கையிலும் எதுவும் முறியவில்லை.

இனி ரேகைக்குத் திரும்புவோம்.

பிறந்த நேரம் தெரியாதவரை ஜோதிடம் விட்டுவிடுவதில்லை. பெயரின் முதல் எழுத்தை வைத்து ராசி சொல்லும். 108 பாதத்துக்கும் எழுத்து உண்டு. அசுவினிக்கு சு, சே, சோ, லா. அந்த எழுத்துகள் சமஸ்கிருத ஒலிகள். தமிழில் ஒரே ‘க’வில் நாலு ஒலி எழுதுகிறோம், அதனால் கருப்பாயியும் கணேசனும் எந்தப் பாதம் என்று ஜோசியர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவும் இல்லையென்றால் கேள்வி கேட்ட நேரத்துக்கு ஆரூடம். இவையெல்லாம் நாள் கிழமை தெரிந்த வீடுகளுக்கு வெளியே இருந்தவர்களுக்கான புறவாசல். இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு அது அவசியமாகவும் இருக்கவில்லை. உடுக்கை அடிக்கும் கோடாங்கி உண்டு, குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. வெள்ளைப்பூ வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. நேற்று வந்த விடை இன்றைக்குக் கட்டாது, மறுபடி கேட்கலாம். சாமியோடு வாக்குவாதம் செய்யலாம், திட்டலாம், கோபித்துக்கொண்டு ஒரு வருசம் கும்பிடாமல் இருக்கலாம். சனியோடு அது முடியாது.

ஆக, சாஸ்திரம் எழுதித் தராத ஜாதகத்தை முதன்முதலில் இவர்களில் ஒரு பகுதியினருக்கு எழுதித் தந்தது பிரிட்டிஷ் அரசாங்கம். 1871-இல் முதல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபோது அரசுத் தரப்பு வைத்த வாதம் இது: தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்று தொழில் சாதியில் வருகிற நாட்டில், குற்றம் செய்வதும் சில சாதிகளுக்குப் பிறப்பிலேயே விதிக்கப்பட்டது. விதி என்ற சொல்லை நான் புகுத்தவில்லை. வெள்ளைக்கார அதிகாரி இந்தியாவை ஜோதிடம் போல வாசித்தான்; வாசிக்கக் கற்றது இங்கேதான். 1858-இல் வங்காளத்தில் ஹெர்ஷெல் ஒப்பந்தத்தில் ஒருவரின் கைப்பதிவை வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காப்பகம் வந்தது. அஜீசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் போட்ட வகைப்பாட்டுக் கணக்கு மேலதிகாரி ஹென்றியின் பெயரில் உலகம் போயிற்று. 1911 சட்டம் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது. பிறப்பு என்ற பழைய விதியையும், ரேகை என்ற புதிய விஞ்ஞானத்தையும்.

1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கிப் பிறமலைக் கள்ளர் மேல் அது விரிந்தது. ராத்திரியானால் சாவடியில் வந்து படுக்க வேண்டும். ஊர் தாண்டினால் ராதாரிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3-இல் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது.

இரண்டு அமைப்புகளுக்கும் உள்ள நெருக்கமான உறவு விலக்கில் தெரிகிறது. செவ்வாய் தோசத்தை எடுங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் இருந்தால் தோசம். பன்னிரண்டு வீட்டில் ஐந்து. ஆக நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் தோசக்காரர்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றால், மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக் கணக்குப் போட்டால், நூற்றுக்கு 80 பேர் ஏதோ ஒரு வழியில் மாட்டுவார்கள். ஊரில் முக்கால்வாசிக்கு மேல் கல்யாணத்துக்கு ஆகாதவர்கள் என்றால் சாஸ்திரம் ஒரு நாள் நிற்குமா? அதனால் விதிவிலக்குகள். சொந்த வீட்டில் இருந்தால் இல்லை, உச்சத்தில் இருந்தால் இல்லை, குரு பார்த்தால் இல்லை, இரண்டு பேருக்கும் இருந்தால் இல்லை. விதி எல்லோரையும் பிடிக்கும், விலக்கு கேட்டு வருகிறவரை விடுவிக்கும் அதிகாரம் நிபுணரிடம் இருக்கும். ரேகைச் சட்டமும் இப்படித்தான் ஓடியது. சாதி முழுக்கப் பிறவிக் குற்றவாளி. நிலம் வைத்திருப்பவன், அதிகாரிக்கு வேண்டியவன், ‘நன்னடத்தை’ காட்டியவன் விலக்குப் பெறலாம். பூக்கோவைப் படித்தவர்கள் அதிகாரம் எங்கே தங்குகிறது என்று தேடும்போது விதியை மட்டும் பார்க்கிறார்கள். விலக்குப் பட்டியலையும் கொஞ்சம் பார்க்கலாம்.

விலக்குக் கிடைக்காமல் நிற்பது யார் என்றும் கேட்க வேண்டும். மூல நட்சத்திரத்தில் ஆண் பிறந்தால் அரசாள்வான், பெண் பிறந்தால் நிர்மூலம் என்கிறது நம் பழமொழி. ஒரே பாகையில் நின்ற ஒரே சந்திரன். பத்துப் பொருத்தத்தில் ரச்சு தட்டினால் தாலி நிற்காதாம். முன்பு பூக்கட்டிப் பார்த்து, தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைத்த வீடுகளில் இப்போது கம்ப்யூட்டர் ஜாதகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்தது, நிமிசம் தவறாமல் நேரம் பதிவானது, புறவாசல் அடைபட்டது. பிறந்த நேரம் ஜனநாயகமான கையோடு தோசமும் ஜனநாயகமாகிவிட்டது. நவீனத்துவம் வந்தால் ஜோதிடம் போய்விடும் என்று நம்பிய இடதுசாரி நண்பர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பதில் இருக்கிறது. நவீனத்துவம்தான் இங்கே ஜோதிடத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

‘பொய்’ என்று நிரூபிக்கும் வேலை நடக்கட்டும், தேவைதான். நார்லிகரும் நண்பர்களும் 2008-இல் மகாராஷ்டிரத்தில் செய்த சோதனையில், கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஜாதகத்தையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகத்தையும் பிரித்துக் காட்டச் சொன்னபோது 27 ஜோதிடர்களின் சராசரி வெற்றி நூற்றுக்கு 46. காசைச் சுண்டினால் 50. அதற்கு முன்பே 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘ஜோதிர் விஞ்ஞான’த்தைப் பட்டப்படிப்பாக்கியது, 2004-இல் உச்ச நீதிமன்றம் தடுக்க மறுத்தது. நிரூபணம் எந்தக் கதவையும் அடைக்கவில்லை. அடார்னோ 1950-களில் லாஸ் ஏஞ்சலீஸ் நாளிதழ் ஒன்றின் ராசிபலன் பத்தியை மூன்று மாதம் உட்கார்ந்து வாசித்துவிட்டுச் சொன்னது நமக்கு உதவும். அந்தப் பத்தி நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை, மேலதிகாரியிடம் பணிந்து போ, வீட்டில் சண்டை போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாசகரும் அதை முழுசாக நம்பவில்லை, பாதி நம்பினார்கள். பாதி நம்பிக்கை போதும். பெரியாரியர்கள் வேண்டுமென்றே ராகுகாலத்தில் கல்யாணம் செய்து காட்டினார்களே, அது நிரூபணத்தைவிடப் பலமான வாதம். ஒரு தடவை மீறிப் பார்த்து உயிரோடு இருந்தவனிடம் சோதனை முடிவை நீட்ட வேண்டியதில்லை. 1967-இல் அண்ணா அரசு அந்தக் கல்யாணங்களுக்குச் சட்ட ஏற்புத் தந்தது. ராகுகாலக் கல்யாணம் பற்றி இன்று பேசுகிறவர்கள் உண்டு, பண்ணுகிறவர்கள் குறைவு.

ரேகை மறுபடி வந்திருக்கிறது. 2020-இலிருந்து தமிழ்நாட்டு ரேசன் கடைகளில் அரிசி வாங்க விரல் வைக்க வேண்டும். கடமலைக்குண்டுப் பக்கம் மண்வெட்டியும் களைக்கொத்தும் பிடித்துத் தேய்ந்த விரல்கள் பல. இயந்திரம் வாசிக்காது. இன்னொரு விரலை வை, துடைத்துவிட்டு வை, மகனைக் கூட்டிவா என்று சொல்வார்கள். தாத்தா ரேகை வைக்க மாட்டேன் என்று நின்ற சாதியில், பேத்தி ரேகை விழவில்லையே என்று வரிசையில் நிற்கிறாள். விரல் விழாதவர்களுக்குக் கண்ணைப் பார்க்கும் கருவி சில கடைகளில் வந்திருக்கிறது.